வெள்ளையடித்த லயம்

ஜீவராணியின் முகம் அந்த டவுனில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ரம்புக்கனை பஸ் நிற்கிற சந்தியிலிருந்து ஆஸ்பத்திரிப் பள்ளம் வரைக்கும் நகரசபையின் த்ரீவீலர் தலையில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர்ந்து போகும். பின்சீட்டில் மைக்கைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருப்பாள். உக்கும் குப்பை என்றைக்கு, பிளாஸ்டிக் என்றைக்கு, நாய்களுக்கு ஊசி எங்கே போடுகிறார்கள், நுளம்புக்குப் புகை அடிக்க எப்போது வருவார்கள், பஸ் ஸ்டாண்டில் கட்டிய புதுக் கழிப்பறையை எந்தப் பெரிய மனிதர் வந்து திறந்துவைக்கப் போகிறார், எல்லாம் அவள் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். முதலில் சிங்களத்தில் ஒரு தடவை, பிறகு தமிழில் ஒரு தடவை. இரண்டு மொழிக்கும் ஒரே சம்பளம்தான். அதுவும் நிரந்தரச் சம்பளம் இல்லை. மைக் பிடித்த நாளிலிருந்து இன்றுவரை அவள் அமைய ஊழியர்தான்.

அவள் பிறந்தது டவுனுக்கு மேலே, வெலிகொல்ல ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிசனில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா பால் வெட்டுகிறவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்புகள் தீர்ந்ததும் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டே சிங்களம் படித்தாள். திரும்பி வந்து அதே டிவிசனில் பால் வெட்டும் சுரேந்திரனைக் கட்டிக்கொண்டு, நகரசபையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் சபை அறிவித்தல்கள் சிங்களத்தில் மட்டும்தான். கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து முறைப்பாடு எழுதியதும், தலைமைக் கிளார்க் தமிழ் பேசும் ஆளைத் தேடிக் கண்ணைச் சுழற்றினார். ஜீவராணி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். துடைப்பத்தை வைத்துவிட்டு மைக்கை எடு என்றார். எடுத்தாள். மத்தியானத்துக்குப் பிறகு மறுபடியும் துடைப்பம்தான். ஆனால் அது லயத்து ஆட்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன?

லயத்தில் அவளுடைய மரியாதை ஒரே வாரத்தில் ஏறிவிட்டது. வயதில் மூத்தவர்கள்கூட 'வாங்க, போங்க' என்று பேச ஆரம்பித்தார்கள். பிறப்புச் சான்றிதழ் எங்கே எடுப்பது, பிள்ளைக்குத் தடுப்பூசி எந்தக் கிழமை, எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டார்கள். அவள் அதை வேண்டாம் என்று தள்ளியதில்லை. இஸ்திரி போட்ட சேலையோடு காலையில் இறங்கிப் போகும்போது முதுகு தானாக நிமிரும். மனுஷிதானே, அவளுக்கும் ஆசை இருக்காதா.

கீழ் டிவிசன் நகர எல்லைக்குள் வந்தது இடையில்தான். எங்கேயோ உட்கார்ந்து யாரோ வரைபடத்தில் கோடு இழுத்தார்கள். லயங்கள் கோட்டுக்கு உள்ளே விழுந்துவிட்டன. அன்றைக்கிருந்து, நீங்கள் நகரசபை ஆட்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்றது தோட்டம். லயம் தோட்டத்துச் சொத்து, நாங்கள் எப்படிக் கை வைப்பது என்றது சபை. இரண்டு பக்கமும் நன்றாகக் கை கழுவிவிட்டார்கள். கழுவத் தண்ணீர் எங்கிருந்து கிடைத்ததோ, லயத்து ஆட்களுக்குக் கிடைக்கவில்லை.

அவர்களுக்கு இருந்தது ஒரு பீலி. லயத்துக்குக் கீழே, ஆளை உருட்டிவிடும் சரிவில், பாறைக்கசிவை இரும்புக் குழாயில் பிடித்து விழவிட்டிருந்தார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க, சாமிக்கு அபிஷேகம் செய்ய எல்லாம் அது ஒன்றுதான். மழைக்காலத்தில் செம்மண் கரைந்து வரும். வெயில் காலத்தில் சுண்டுவிரல் தடிப்புக்கு ஒழுகும். குடத்துக்கு முன்னால் குடம் வைத்துச் சண்டை நடக்கும். போன மழைக்குக் காத்தாயி அந்தச் சரிவில் குடத்தோடு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பக்கத்துக் காம்பராக்காரி, ஜீவராணிக்கு அக்கா முறை. தோட்டத்திலேயே நல்ல பால்வெட்டுக்காரி என்று பேர் வாங்கியவள் இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள். இனி அவளுக்கு ரப்பர் மலையில் வேலை கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் அந்த அறிவித்தல் கைக்கு வந்தது. நகர எல்லைக்குள் விடுபட்டுப் போன இடங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கப் போகிறார்கள். இந்த வருசம் ஒரு இடத்துக்குத்தான். வெலிகொல்ல கீழ் டிவிசன் லயங்கள், அல்லது கல்குவாரிக் காலனி. அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து எதற்கு என்று தீர்மானிப்பார்கள். ஜீவராணி சிங்களத்தில் ஒழுங்காக வாசித்துவிட்டாள். தமிழில் சொந்த லயத்தின் பெயர் வந்த இடத்தில் குரல் ஒரு தரம் உடைந்தது. த்ரீவீலர் ஓட்டும் மஷூர், அவள் அண்ணன் முறையாக 'நானா' என்று கூப்பிடுகிறவன், கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். அவன் வீடு கல்குவாரிக் காலனியில்.

அன்று சாயந்தரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் லயத்து வாசலில் நின்று சொன்னாள். எல்லாரும் தலைவர் ஏழுமலையைப் பார்த்தார்கள். ஏழுமலை பழைய கங்காணி. இப்போது தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவருக்கு வாழ்க்கையில் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று. ரோட்டிலிருந்து பெரிய மனிதர் யாராவது மேலே வருகிறார் என்றால் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும். அந்த நாளில் தோட்டத்தைப் பார்வையிட விசிட்டிங் தொரை வருகிறார் என்றாலே ஒரு வாரத்துக்குச் சாக்கடைக் கான் வெட்டுவார்கள், புல் செதுக்குவார்கள், லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒழுகுகிற கூரையைத் தொரை கண்ணில் காட்டிய கங்காணி அடுத்த நாள் ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணியாக நிற்க மாட்டார். அப்பன் காலத்திலிருந்து எல்லாரும் அதைத்தான் படித்தார்கள். குறையைக் காட்டினால் ஏச்சு, மறைத்தால் நிம்மதி.

"வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டா நிக்கிறது?" என்றார் ஏழுமலை. "நம்ம லயம்னா லயமா இருக்கணும். நாளைக்கே சுண்ணாம்பு கரைச்சிருவோம்."

ஜீவராணி அங்கேயே தடுத்திருக்கலாம். சபைக்குள் இத்தனை காலம் இருக்கிறவள். எந்த இடம் நாறுகிறதோ அங்கேதான் லொறி போகும், எங்கே சத்தம் போடுகிறார்களோ அங்கேதான் ரோட்டுக்குக் கிறவல் கொட்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்றால், மற்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் சுண்ணாம்பு தேவைப்பட்டது. பார்க்க வரப்போவது பரராசசிங்கம். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், அவளைப் 'பிள்ளை' என்று கூப்பிடுகிறவர். உமது உச்சரிப்பு நல்ல தெளிவு என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் வந்து, மாருக்கு மேலே கட்டிய குறுக்குக்கட்டோடு குடத்துக்குச் சண்டை போடுகிற பெண்களைப் பார்ப்பது, அவர்களில் ஒருத்தியாகத் தன்னையும் நினைத்துப் பார்ப்பது, அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவ்வளவுதான் விஷயம், சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

அதனால் வேலையை அவளே முன்னின்று நடத்தினாள். லயம் முழுக்க வெள்ளை அடித்தார்கள். கானில் தேங்கிய கறுப்பை அள்ளிக் காட்டுக்குள் கொட்டினார்கள். புத்தர் கோயில் பன்சலையின் பிக்கு, ஹாமுதுருவைக் கேட்டு நாற்காலி தூக்கி வந்தார்கள். தென்னங்குருத்தில் தோரணம் கட்டினார்கள். அதிகாரிகள் வருகிற அன்று விடியுமுன்பே ஆணும் பெண்ணும் சேர்ந்து சரிவில் ஏறி இறங்கி, பீப்பாய், வாளி, குடம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நிரப்பி வாசல்களில் வரிசையாக வைத்தார்கள். அவர்கள் இருக்கும் நேரத்தில் ஒருத்தரும் பீலிக்கு இறங்கக் கூடாது, துவைக்கக் கூடாது, குளிக்கக் கூடாது என்று ஜீவராணி வீடு வீடாகச் சொல்லிப் போனாள். குடிக்கக் கொடுக்க டவுனிலிருந்து போத்தல் தண்ணீர் வாங்கி வந்தாள்.

"பின்ன, அந்தப் பீலித் தண்ணிய எப்பிடிங்க மனுசருக்குக் குடுக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தாங்கள் சொன்னது இன்னது என்று ஒருத்தர் காதிலும் விழவில்லை.

கடைசியாகக் காத்தாயியிடம் போனாள். "அக்கா, அவங்க வர்ற நேரம் நீங்க உள்ளுக்கே இருங்க. கம்ப ஊனிக்கிட்டு வாசல்ல நின்னா பார்க்க ஒரு மாதிரியா இருக்கும்."

"அதுக்கென்ன தங்கச்சி, நான் எதுக்குக் குறுக்க?" என்று காத்தாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பரராசசிங்கம் ஜீப்பில் வந்தார். ஏழுமலை சந்தனம் கொடுத்து மாலை போட்டார். மனிதருக்கு ஒரே சந்தோஷம். அது நடிப்பும் இல்லை. காலையிலிருந்து வேறு வேறு இடங்களில் சேற்றில் நடந்துவிட்டு வந்தவர், வெள்ளைச் சுவரையும் தோரணத்தையும் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல துப்பரவா வைச்சிருக்கிறியள்," என்றார். பீப்பாய்களில் ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு வரைக்கும் தண்ணீர். "தண்ணிக்குப் பெரிய கரைச்சல் இல்லைப் போல கிடக்கு."

ஏழுமலை தன் ஆயுளில் எந்தத் தொரையிடமும் குறை சொல்லிப் பழகியவர் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு கொறையும் இல்லீங்க ஐயா, எல்லாம் ஐயா மாருங்க புண்ணியம்," என்றார்.

ஜீவராணி அவர் பக்கத்தில்தான் நின்றாள். இவர் மரியாதைக்குச் சொல்கிறார், இதெல்லாம் நாங்கள் சுமந்தது என்று ஒரு வரி சொன்னால் போதும். அவள் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். பிறகு பீலியைப் பார்க்கலாமா என்று கேட்டார். "பாத ஈரமா கெடக்குங்க, ஐயா சப்பாத்து சேறாயிரும்," என்று ஏழுமலை மேலேயே நிறுத்திவிட்டார். அங்கிருந்து பார்த்தால் பச்சைப் பன்னச் செடி, ஆளில்லாத கல், வெள்ளையாக விழுகிற தண்ணீர். "வடிவான இடம்," என்று பரராசசிங்கம் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ஜீப் இறங்கியதும் லயமே கலகலவென்றாகிவிட்டது. பாஸ் பண்ணிவிட்டோம் என்று ஏழுமலை சொன்னார். மீந்த போத்தல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதுகள் அந்தத் தண்ணீரைத் திருவிழாப் பலகாரம்போல ஆளுக்கு ஒரு வாய் என்று பங்கு போட்டுக் குடித்தன.

அதற்குப் பிறகு ஒரு நாள், டெங்கு அறிவித்தலுக்காகச் சந்தைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது, மஷூர் தன் காலனியில் நடந்ததைச் சொன்னான். மறைத்துச் சொல்லவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி வெகு சாதாரணமாகச் சொன்னான்.

"எங்கட பக்கம் வாறண்டு தெரிஞ்சதும், ஊட்டுல ஈந்த தண்ணியெல்லாம் கக்கூசுக்குப் பின்னால மறைச்சி வெச்சிட்டோம். காலிக் கொடத்தையெல்லாம் ரோட்டுல அடுக்கி, பொம்பளையள் எல்லாம் குறுக்கால நின்டுட்டாங்க. ஜீப்ப விடல்ல. ஒரு நோனா ஏசின ஏச்சில அந்த ஐயாவுக்கு வேர்த்துப் போச்சு." சிரித்தான். பிறகு, "ஒங்கட பக்கம் என்ன செஞ்சீங்க, ராணி?" என்று கேட்டான்.

"பார்த்துட்டுப் போனாங்க நானா," என்றாள். அன்றைக்கு அவள் வாசித்த அறிவித்தலில் ஒரு கிழமை மாறிப் போய்விட்டது. அதற்குச் சபையில் ஏச்சு வாங்கினாள்.

முடிவு அவளுக்கு வந்த விதம்தான் கொடுமை. மற்றவர்களுக்கு யாராவது வந்து சொல்வார்கள். அவளுக்கு வாசிக்கச் சொல்லிக் கையில் கொடுத்தார்கள். இந்த வருசத்துக் குடிநீர்க் குழாய் கல்குவாரிக் காலனிக்கு. ஏனைய இடங்கள் அடுத்த வருசம் மீண்டும் பார்வையிடப்படும். அதற்குக் கீழே வழக்கமான குப்பை விபரம். அவள் அந்தத் தாளோடு நேராகப் பரராசசிங்கத்தின் மேசைக்குப் போனாள்.

"ஐயா, அன்னைக்கு நீங்க பார்த்தது சும்மா ஐயா. நீங்க வர்றீங்கன்னு செஞ்சது. அந்தப் பீப்பாயெல்லாம் விடியறதுக்கு முந்தி நாங்க சொமந்து நெரப்பினது. அந்தச் சரிவுல விழுந்து இடுப்பு ஒடஞ்ச ஆள்கூட இருக்காங்க ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஏன் பிள்ளை அந்தத் தலைவர் ஒரு குறையும் இல்லையெண்டவர்?"

"அது மரியாதைக்குச் சொல்றதுங்க."

"மரியாதைக்கோ?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நான் கண்டதைத்தானே எழுதலாம். காலனியில ஒருத்தி வெறும் வாளியைக் கொண்டுவந்து என்ர காலடியில கவிட்டுக் காட்டினவ. உங்கட இடத்தில எனக்குப் போத்தில் தண்ணி தந்தனீங்கள். நான் என்னெண்டு நினைக்கிறது?" பிறகு மெதுவாகச் சொன்னார். "நீர் எனக்குப் பக்கத்திலதானே பிள்ளை நிண்டனீர். ஒரு சொல் சொல்லியிருக்கலாமெல்லே."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். லஞ்சம் வாங்கிவிட்டான், சாதி பார்த்துவிட்டான், வடக்கத்தி ஆளுக்கு நம்மைக் கண்டால் இளக்காரம் என்று லயம் முழுக்கத் திட்டித் தீர்த்திருக்கலாம், மனசு ஆறியிருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வாற வருசம் பார்ப்பம் என்று அவர் சொன்னபோது, அவள் சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நகரசபைக் கழிப்பறையில் தண்ணீருக்குக் குறையில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

டவுன் முழுக்க வாசித்து முடித்துத் தோட்டத்து ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் மஷூர் வண்டியை நிறுத்தினான். அவன் முகத்திலும் சந்தோஷம் இல்லை. "இப்பிடியே திருப்பவா? ஒங்கட ஆக்களுக்கு நீங்க பொறகு வாயால செல்லலாந்தானே."

"போங்க நானா. ஊருக்கெல்லாம் சொன்னத இங்கயும் சொல்லத்தானே வேணும்."

ஸ்பீக்கர் சத்தம் கேட்டதும் லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் வந்தார்கள். வந்த வேகத்திலேயே அது தெரிந்தது. சுவரில் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது, அடியில் மட்டும் மழை செம்மண்ணைத் தெறித்திருந்தது. ஜீவராணி முதலில் சிங்களத்தில் வாசித்தாள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் சிங்களம் புரியாத தமிழர் யார்? அவள் பாதி வாசிக்கும்போதே முகங்கள் மாறிப் போய்விட்டன. அப்புறம், ஏற்கெனவே புரிந்துகொண்டுவிட்ட அந்த முகங்களைப் பார்த்து, அதையே மறுபடியும் தமிழில் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தாள். குப்பை விபரத்தையும் விடாமல் வாசித்தாள். மைக்கை அணைத்துவிட்டு இறங்கினாள்.

யாராவது ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அன்றைக்குப் போத்தல் நீட்டியது நீதானே என்று ஒருத்தியாவது கேட்டிருந்தால், ஆமாம் என்று சொல்லிவிட்டிருப்பாள். ஒருத்தரும் கேட்கவில்லை. காத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஏன் தங்கச்சி நமக்கு இல்லேன்னுட்டாங்க? நாம ஒண்ணும் கொற வைக்கலியே."

ஜீவராணி வாயைத் திறந்தாள். அதற்குள் ஏழுமலை முன்னால் வந்துவிட்டார்.

"கொற இருந்திச்சு," என்றார் அவர், தன் மேலேயே கோபமாக. "ஒரு பூச்சுச் சுண்ணாம்பு பத்தல. பின்பக்கம் அப்பிடியே விட்டுட்டோம், அது அவரு கண்ணுல பட்டிருக்கும். பன்சல நாற்காலில ஒண்ணு வேற ஆடுச்சு, ஐயா ஒக்காரும்போது நான் பார்த்தேன். படிச்ச மனுசன், இதெல்லாம் கவனிக்காம இருப்பாரா?"

அதுதான், அதுதான் என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள். காரணம் கிடைத்ததில் அவர்களுக்கு ஒரு தெம்புகூட வந்துவிட்டது. அடுத்த வருசம் பின்பக்கத்தையும் விடக்கூடாது என்றாள் ஒருத்தி. ரோட்டிலிருந்தே வாழைமரம் கட்ட வேண்டும் என்றார் இன்னொருத்தர்.

"சுண்ணாம்பே வேணாம்," என்றார் ஏழுமலை. "ஆளாளுக்குக் கொஞ்சம் போட்டு பெயின்ட்டே அடிச்சிருவோம்." பிறகு ஜீவராணி பக்கம் திரும்பினார். அவர் குரலில் பழைய மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "அந்த ஐயாவுக்கு எந்தக் கலரு புடிக்கும்னு நீங்கதாம்மா நைசா கேட்டுச் சொல்லணும். சபைக்கு உள்ளுக்கு நமக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்திதானே."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். காத்தாயியும் பார்த்தாள். யார் கண்ணிலும் சந்தேகம் இல்லை.

"கேட்டுச் சொல்றேன் மாமா," என்றாள் ஜீவராணி.